டோக்கியோவின் சின்ன ‘கரே’ கடையில் நண்பரோடு சாப்பிட: கிளம்புவது முதல் வெளியே வருவது வரை

முதலில் பெயர். ‘கறிக்கடை’ என்று எழுதினால் நம் ஆட்கள் ஆட்டுக்கறி வெட்டும் கடை என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஜப்பானியர் வாயில் வருகிற மாதிரியே ‘கரே’ என்று எழுதுகிறேன். தட்டில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கெட்டியான பழுப்புக் குழம்பு. அவ்வளவுதான் கரே ரைஸ்.

நான் சொல்வது எட்டு, பத்து, மிஞ்சிப்போனால் பதினைந்து பேர் உட்காரும் கடைகளைப் பற்றி. ஊரிலிருந்து வருகிறவர்களையும், புதிதாக வேலை கிடைத்து வந்தவர்களையும் டோக்கியோவின் பழைய புத்தகக் கடைப் பகுதியான ஜிம்போச்சோ பக்கம் பல தடவை அழைத்துப் போயிருக்கிறேன். எல்லாரும் தடுமாறுவது ஒரே காரணத்தால்தான். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மெனுவைப் புரட்டி, பேசிக்கொண்டே முடிவு செய்யலாம் என்று வருகிறார்கள். இந்தக் கடைகளில் அந்த முறை தலைகீழ். உட்காரும்போது எல்லா முடிவும் முடிந்திருக்க வேண்டும். பேச்சுக்கு உரிய இடம் வரிசையும், சாப்பிட்ட பிறகு போகிற காபிக் கடையும்தான். இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

1. கிளம்பும் முன்: நண்பர் என்ன சாப்பிட மாட்டார்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ‘என்ன சாப்பிடுவீர்கள்’ என்று கேட்டால் ‘எதுவானாலும் சரி’ என்பார்கள். ‘எது ஆகாது’ என்று கேளுங்கள். மாடு, பன்றி, முட்டை, மீன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

காரணம், கரேயில் இறைச்சி துண்டாக மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலும் குழம்பின் அடிப்படையே கோதுமை மாவைக் கொழுப்பில் வறுத்துச் செய்வது. அந்தக் கொழுப்பு வெண்ணெயாக இருக்கலாம், மாட்டுக் கொழுப்பாகவோ பன்றிக் கொழுப்பாகவோ இருக்கலாம். அதை நீர்க்கச் செய்வது பெரும்பாலும் எலும்பு வேகவைத்த சாற்றில். சிக்கன் கரே என்று கேட்டு வாங்கினாலும் அடியில் இருக்கிற குழம்பு மாட்டுச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். பல கடைகளில் ஒரே குழம்புதான். மேலே வைக்கிற துண்டு மட்டும் மாறும்.

நானும் இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். சுத்த சைவமான ஒரு நண்பருக்கு ‘யசாய் கரே’, அதாவது காய்கறி கரே, வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு, ‘குழம்பு ரொம்ப நன்றாக இருக்கிறது, எதில் செய்வீர்கள்?’ என்று பாராட்டாகக் கேட்டேன். மாட்டு எலும்பில் இரண்டு நாள் கொதிக்க வைப்பதாகக் கடைக்காரர் பெருமையோடு சொன்னார். தப்பு என்னுடையது. காய்கறி கரே என்றால் காய்கறி போட்ட கரே, அவ்வளவே. சைவம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

‘பெஜிதேரியன்’ என்ற சொல் ஜப்பானில் புழக்கத்தில் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். இறைச்சித் துண்டை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் புரிந்துகொள்வார்கள். அதற்குப் பதிலாகக் கைப்பேசியில் ஜப்பானிய மொழியில் ஓர் அட்டை தயார் செய்து வையுங்கள்: ‘இறைச்சி, மீன், எலும்புச் சாறு, மீன் சாறு, மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு எதையும் இவர் சாப்பிடுவதில்லை. இந்தக் குழம்பில் இவற்றில் ஏதாவது இருக்கிறதா?’ பெயர்களைப் பட்டியலாகப் போட்டால்தான் சமைப்பவர் ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்ப்பார்.

பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். கடைக்காரர் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி மாதிரி மார்புக்கு முன்னால் வைத்தால் முடியாது என்று பொருள். தலையைச் சாய்த்து, மூச்சை உள்ளிழுத்து, ‘சொத்தோ...’ என்று இழுத்தாலும் அதே பொருள்தான். ‘கொஞ்சம்’ என்று அகராதி சொல்லும். கொஞ்சமாவது கிடைக்கும் என்று நம்பி நிற்காதீர்கள். நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

நண்பர் கண்டிப்பான சைவம் என்றால் சின்னக் கடை வேண்டாம் என்பதே என் முடிவு. கோகோ இச்சிபன்யா என்ற பெரிய சங்கிலிக் கடையின் பல கிளைகளில் விலங்குப் பொருள் சேராத குழம்பு தனியாக உண்டு. முதல் அனுபவத்துக்கு அது போதும். ஆசைப்பட்டுச் சின்னக் கடைக்கு இழுத்துப் போய், அவர் ஊறுகாயும் வெறுஞ்சோறும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சாப்பிட முடியாது.

கோதுமை, பால் ஒவ்வாதவர்களும் இதே மாதிரி முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மாவும் வெண்ணெயும் குழம்பிலேயே கரைந்திருப்பதால் ‘அதை மட்டும் எடுத்துவிடுங்கள்’ என்று சொல்ல வழியில்லை.

2. கடையும் நேரமும்

ஜிம்போச்சோவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், நடக்கிற தூரத்துக்குள் நிறையக் கரே கடைகள் இருக்கின்றன. ஒன்று மூடியிருந்தால் அடுத்தது. ஹன்சோமோன், மீத்தா, ஷின்ஜுகு என்று மூன்று சுரங்க ரயில் தடங்கள் அங்கே வருகின்றன. இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷிகசாய் பக்கம் தங்கியிருப்பவர்கள் தோசாய் தடத்தில் குதான்ஷிதா வரை வந்து, வண்டி மாறி ஒரே நிலையம். நடந்தாலும் பத்து, பதினைந்து நிமிடம்தான்.

பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை போகாதீர்கள். சுற்றியுள்ள அலுவலகங்கள் எல்லாம் அப்போதுதான் சாப்பிட இறங்கும். தனியாக வருகிறவருக்கு எப்படியும் ஓர் இருக்கை கிடைத்துவிடும், இரண்டு பேருக்கு ஒட்டி இரண்டு இருக்கை கிடைப்பதுதான் சிரமம். கடை திறக்கும் பதினொன்று, பதினொன்றரைக்கு அல்லது ஒன்றரைக்கு மேல் போவது நல்லது.

ஒன்றரை என்றால் ஒன்றரைதான், மூன்று இல்லை. பல கடைகள் இரண்டரை, மூன்று மணிக்கு மூடி, சாயங்காலம் ஐந்தரை வாக்கில்தான் மறுபடி திறக்கும். அதிலும் ‘ராஸ்து ஓதா’ என்று கடைசி ஆர்டருக்குத் தனி நேரம் உண்டு, மூடுவதற்கு அரை மணி முன்னால். குழம்பு தீர்ந்தால் அதற்கும் முன்னாலேயே மூடிவிடுவார்கள். அன்றைக்கு வைத்த அண்டா காலியானால் வேறு வழியில்லை. இந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை மூடுகிற கடைகளும் நிறைய. கூகுள் மேப்ஸில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையோ எக்ஸ் பக்கத்தையோ ஒருமுறை பாருங்கள். திடீர் விடுமுறையை அங்கேதான் போடுவார்கள்.

இன்னொன்று, கடை தெருவிலேயே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். போண்டி என்ற கடை பழைய புத்தகக் கடைகள் இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. க்யோயெய்தோ என்ற இன்னொரு கடை படியிறங்கிப் போகிற கீழ்த்தளத்தில். ஜப்பானில் தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணுவார்கள். எனவே அவர்களுடைய 2 நம்முடைய முதல் மாடி. இது தெரியாமல் ஒரு மாடி கூடுதலாக ஏறி, யாரோ ஓர் அலுவலகக் கதவைத் தட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வாசலில் ‘நோரென்’ என்ற துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. விளக்கு எரிந்தாலும், உள்ளே ஆள் நடமாடினாலும், திரை உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருந்தால் இன்னும் திறக்கவில்லை என்று பொருள். திரையே இல்லாத கடைகளில் கதவில் ஒரு பலகை தொங்கும். கைப்பேசிக் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தால் ‘தயாராகிக்கொண்டிருக்கிறது’ என்று வந்தால் காத்திருங்கள்.

3. பையில் ஆயிரம் யென் நோட்டு

ஆளுக்கு இரண்டு ஆயிரம் யென் நோட்டும் கொஞ்சம் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கரே ஆயிரம் யென் முன்பின் இருக்கும். கட்சு, அதாவது ரொட்டித் தூள் பூசிப் பொரித்த இறைச்சி, வைத்தால் இன்னும் சில நூறு கூடும்.

கார்டு இருக்கிறதே என்று வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பல சின்னக் கடைகளில் ‘கென்கின்’ மட்டும்தான், ரொக்கம். ரொக்கத்திலும் எந்த நோட்டும் செல்லும் என்பதில்லை. பணம் போட்டால் சாப்பாட்டுச் சீட்டு தருகிற பழைய டோக்கன் எந்திரங்கள் ஆயிரம் யென் நோட்டும் காசும் மட்டுமே வாங்கும். ஐயாயிரமும் பத்தாயிரமும் உள்ளே போகாது. 2024 ஜூலை 3 அன்று புதிய நோட்டுகள் வந்தன. எந்திரத்தை மாற்றாத கடைகள் அந்தப் புதிய ஆயிரத்தையும் துப்பிவிடும். 2021 நவம்பரில் வந்த இரு நிறமுள்ள புதிய 500 யென் காசுக்கும் அதே கதி.

அதனால் நான் பழைய ஆயிரம் இரண்டு, மூன்றைத் தனியாக மடித்து வைத்திருப்பேன். எந்திரத்துக்கு முன்னால் பத்தாயிரம் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றால் பின்னால் நிற்பவர் எதுவும் சொல்ல மாட்டார். அந்த மௌனம்தான் பெரிய சங்கடம். அப்படி ஆகிவிட்டால் உள்ளே எட்டிப் பார்த்து ‘சுமிமாசென்’ (மன்னிக்கவும்) என்று சொல்லி நோட்டைக் காட்டுங்கள், மாற்றித் தருவார்கள். பக்கத்து கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

4. வரிசை

சுவரை ஒட்டி ஒற்றை வரிசையில் நிற்க வேண்டும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசினால் நடைபாதை அடைபடும், பக்கத்து கடைக்காரர் முகம் சுளிப்பார். அந்தப் புகார் கரே கடைக்காரரிடம்தான் போகும். முன்னும் பின்னுமாக நின்று பேசுங்கள்.

நண்பர் இன்னும் வரவில்லை, நான் இடம் பிடித்து வைக்கிறேன் என்பது இங்கே எடுபடாது. இருவரும் சேர்ந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள் பல கடைகளில். பத்து இருக்கைக் கடையில் ஓர் இருக்கை சும்மா கிடப்பது பெரிய விஷயம். நண்பர் தாமதமானால் நிலையத்திலேயே சந்தித்துச் சேர்ந்து வாருங்கள்.

வரிசையில் நிற்கும்போதே டோக்கன் வாங்க வேண்டுமா, உள்ளே அழைத்த பிறகா என்பது கடைக்குக் கடை வேறு. முன்னால் நிற்பவர் கையில் சின்னச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களும் போய் வாங்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்புங்கள். சந்தேகமாக இருந்தால் அவரையே கேட்கலாம்; எந்திரத்தைக் கை காட்டினாலே புரிந்துகொள்வார்.

சைவக் கேள்வி, ஒவ்வாமைக் கேள்வி எதுவானாலும் டோக்கன் வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பணத்தைத் திருப்புவதற்காகச் சமைப்பவர் அடுப்பை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் நண்பரோடு மூன்று விஷயத்தை முடிவு செய்யுங்கள்: எந்தக் கரே, எவ்வளவு சோறு, எவ்வளவு காரம். வாசலில் படத்தோடு பலகையோ கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரி உணவோ இருக்கும். இல்லாவிட்டால் கூகுள் மேப்ஸில் மற்றவர்கள் போட்ட தட்டுப் படங்களைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் நிற்கிறோம், அதில் ஐந்து நிமிடம் இதற்கு.

5. டோக்கன் எந்திரம்

பழைய பொத்தான் எந்திரத்தில் முதலில் பணம், பிறகு பொத்தான். பணம் போடாமல் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கெட்டுவிட்டது என்று திரும்பி நடந்தவர்களும் உண்டு. பணம் போட்டதும், அந்தத் தொகைக்கு வாங்கக்கூடியவற்றில் மட்டும் விளக்கு எரியும். தொடுதிரை உள்ள புதிய எந்திரத்தில் வரிசை மாறும்: முதலில் தேர்வு, கடைசியில் பணம்.

எதுவும் படிக்கத் தெரியாவிட்டால் இடப்பக்கம் மேலே இருக்கிற பொத்தானைப் பாருங்கள். கடையின் முக்கியப் பண்டத்தைப் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள். சிவப்பு விளக்கு எரிகிற பொத்தான் தீர்ந்துபோனது.

‘கட்சு’ என்று மட்டும் இருந்தால் அது பன்றி. கோழி என்றால் ‘சிக்கின் கட்சு’ என்று தனியாகச் சொல்லியிருக்கும். ‘கொரொக்கே’ என்பது உருளைக்கிழங்கு வடை மாதிரி இருந்தாலும் அதில் கொத்திய இறைச்சி கலப்பது வழக்கம். ‘தமாகோ’ முட்டை. அதில் ‘யுதே தமாகோ’ அவித்தது, ‘நமா தமாகோ’ பச்சை முட்டை. கரேயின் மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கலந்து சாப்பிடுவதில் அங்கே பலருக்கு விருப்பம். நமக்கு அது தட்டில் வந்து விழுந்த பிறகுதான் தெரியும்.

முதல் தடவை ஒரு கரே, மேலே ஒன்று, அதோடு நிறுத்துங்கள். எந்திரத்தில் பொத்தான்கள் நிறைய இருப்பதைப் பார்த்து சீஸ், முட்டை, கட்சு, கீரை என்று அழுத்திக்கொண்டே போனால் குழம்பின் ருசியே தெரியாது. பில்லும் இரண்டாயிரத்தை நெருங்கிவிடும்.

இரண்டு பேருக்கும் ஒருவரே வாங்கினால் மீதிச் சில்லறைக்கான நெம்புகோலைக் கடைசியில் திருப்புங்கள். பல எந்திரங்களில் அதைத் திருப்பாமல் மீதி வராது. அதை மறந்துவிட்டுப் போய், பின்னால் வந்தவர் சில்லறையோடு உள்ளே ஓடிவந்து கொடுத்த சம்பவம் எனக்கே நடந்திருக்கிறது.

எந்திரம் இல்லாத கடையில் உட்கார்ந்த பிறகுதான் ஆர்டர். அங்கேயும் தண்ணீர் வைத்த கையோடு கேட்பார்கள். முடிவாகவில்லை என்றால் அவர் காத்து நிற்பார். நீங்கள்தான் பதறிப்போய் ஏதாவது சொல்லிவிடுவீர்கள்.

6. சோறும் காரமும்

டோக்கனைக் கொடுக்கும்போது இவற்றைச் சொல்ல வேண்டும். அப்போது விட்டால் சாதாரண அளவில் தட்டு வந்துவிடும்.

‘நாமி’ அல்லது ‘ஃபுட்சூ’ என்பது வழக்கமான அளவு. பல கடைகளில் அதுவே 250, 300 கிராம் சோறு. குட்டையான, ஒட்டுகிற அரிசி என்பதால் பார்க்கக் குறைவாகத் தெரியும், வயிற்றில் போய்க் கனக்கும். ‘ஓமோரி’ அதிகச் சோறு. சில கடைகளில் அது இலவசம், அதனாலேயே எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள். இலவசம் என்பதற்காகக் கேட்காதீர்கள். சின்னக் கடையில் மிச்சத்தைக் கட்டித் தரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, தட்டில் விட்டுவைப்பதும் நன்றாக இருக்காது. குறைவாக வேண்டுமென்றால் ‘கொஹான் சுகுனமே’ என்று சொல்லுங்கள். சோறு குறைந்தால் குழம்பு தாராளமாகத் தெரியும், அதுவும் ஒரு லாபம்.

காரத்துக்கு நாலு படி: அமாகுச்சி, சூகாரா, காராகுச்சி, கெகிகாரா. இனிப்புச் சாயல், நடுத்தரம், காரம், கடுங்காரம். நம்மவர்கள் இங்கேதான் வீரம் காட்டுவார்கள். ‘ஜப்பான்காரன் காரம் நமக்கு எந்த மூலைக்கு’ என்று சொல்லி மேல்படியை எடுப்பார்கள்.

நடுத்தரம் வரைக்கும் அது உண்மைதான். நம் நாக்குக்குச் சூகாரா காரமே இல்லை. ஆனால் மேல்படிகள் வேறு சங்கதி. அங்கே பெரும்பாலும் மசாலா கூடுவதில்லை, மிளகாய் மட்டும் கூடுகிறது. நம் குழம்பில் காரத்தைத் தாங்கிப் பிடிக்கப் புளி இருக்கும், தேங்காய் இருக்கும், பக்கத்தில் மோர் இருக்கும். இங்கே மாவுக் குழம்பின் இனிப்பும் மிளகாய்த் தூளும் நேருக்கு நேர் நிற்கும். எரிச்சல் நாக்கில் தொடங்கித் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

எண்ணில் காரம் சொல்கிற கடைகளில் இன்னும் கவனம். ஒரு கடையின் 5 மற்ற கடையின் 5 இல்லை. ஜிம்போச்சோவை ஒட்டி இருக்கிற எத்தியோப்பியா என்ற கடையில் 0 முதல் 70 வரை போகும். அங்கே 5 அடிப்பக்கத்துப் படி. வேறு கடையில் மொத்தமே ஐந்து படி என்றால் அதே 5 உச்சம். எண்ணைப் பார்க்காமல் மொத்தப் படிகள் எத்தனை என்று பார்த்து, அடிப்பக்கத்துப் படிகளிலேயே தொடங்குங்கள். காரம் போதாவிட்டால் மேசையில் பெரும்பாலும் தூள் இருக்கும். கூடிப்போனதைக் குறைக்க மட்டும் வழியில்லை.

7. உட்கார்ந்ததும்

உள்ளே நுழைந்ததும் ‘நம்மேசமா’ என்று காதில் விழுந்தால் எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். இரண்டு விரலைக் காட்டி ‘ஃபுதாரி தெசு’ என்றால் போதும். காலி இருக்கையைப் பார்த்து நீங்களாகப் போய் உட்காராதீர்கள். அடுத்து யாரை எங்கே உட்கார வைப்பது என்று அவர்கள் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

‘பாராபாரா’ என்ற சொல் வந்தால், தனித்தனியாக உட்காரச் சம்மதமா என்று கேட்கிறார்கள். சரி என்றால் உடனே இடம் கிடைக்கும், வேண்டாம் என்றால் இன்னும் பத்து நிமிடம். என்னைக் கேட்டால் முதல் தடவை வருகிற நண்பரைத் தனியே விடாதீர்கள். பழகியவர் என்றால் தாராளமாகச் சம்மதிக்கலாம். எப்படியும் பேசப்போவது வெளியேதான்.

பையை மடியிலோ பக்கத்து இருக்கையிலோ வைக்க வேண்டாம். காலடியில் கூடை இருக்கும், இல்லாவிட்டால் கவுண்ட்டரின் அடியில் கொக்கி இருக்கும், தடவிப் பாருங்கள். டோக்கனைக் கவுண்ட்டரின் உயரமான திட்டில் வையுங்கள். அவர் பாதியைக் கிழித்துக்கொண்டு மீதியை வைத்துவிட்டுப் போனால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்; தட்டு வரும்போது அதைப் பார்த்துத்தான் சரிபார்ப்பார்.

தண்ணீர் இலவசம். பெரும்பாலும் கவுண்ட்டரில் ஜாடி இருக்கும், நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும். நண்பருக்கும் சேர்த்து ஊற்றுங்கள். ஈரத் துண்டு தந்தால் கைக்கு மட்டும். வேர்த்திருக்கிறதே என்று முகத்தையும் கழுத்தையும் துடைக்காதீர்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் காகித ஏப்ரன் இருக்கிறதா என்று கேட்கலாம். மஞ்சள் கறை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போண்டி, எத்தியோப்பியா மாதிரி சில கடைகளில் கரேக்கு முன்னால் வேகவைத்த முழு உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வரும். தட்டு மாறி வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். எல்லாருக்கும் அது உண்டு. ஆனால் முழுதாகச் சாப்பிட்டால் சோற்றுக்கு இடமிருக்காது.

8. சாப்பிடும் முறை

ஸ்பூன்தான். கை வைத்துப் பிசையும் சோறு இல்லை இது. ஒட்டும் சோறும் பசை மாதிரியான குழம்பும் விரலை விட்டு இறங்காது.

சோறும் குழம்பும் சந்திக்கிற கோட்டிலிருந்து தொடங்குங்கள். ஸ்பூனில் பாதி சோறு, பாதி குழம்பு. நம் வழக்கப்படி எல்லாவற்றையும் மொத்தமாகக் கலந்துவிட்டால் சட்டத்துக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து இறுகி, பாதியில் உப்புமா மாதிரி ஆகிவிடும். கட்சு இருந்தால் அதன் மொறுமொறுப்பும் போய்விடும்.

அளவு முக்கியம். குழம்பைத் தாராளமாக எடுத்துவிட்டுக் கடைசியில் வெறுஞ்சோற்றோடு நிற்பது புதியவர்கள் எல்லாரும் செய்வது. இங்கே ‘கொஞ்சம் குழம்பு ஊற்றுங்கள்’ என்று கேட்டால் யாரும் வாளியோடு வர மாட்டார்கள்; கூடுதல் குழம்புக்குத் தனி விலை. பாதித் தட்டு முடியும்போது இரண்டும் பாதியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசையில் இருக்கும் சிவப்பு ஊறுகாய் ஃபுகுஜின்சுகே, வெள்ளையாகச் சின்ன வெங்காயம் மாதிரி இருப்பது ராக்க்யோ. இரண்டும் இனிப்பும் புளிப்புமாக இருக்கும், நம் ஊறுகாயின் காரத்தை எதிர்பார்க்க வேண்டாம். பொது ஜாடி என்பதால் அதிலுள்ள இடுக்கியாலோ கரண்டியாலோ மட்டும் எடுங்கள். இலவசம்தான், ஆனால் பொரியல் மாதிரி குவிக்கக் கூடாது. குழம்பு திகட்டும்போது ஒரு கடி, அதற்குத்தான் அது.

வடக்கே இருக்கிற சப்போரோ நகரத்துப் பாணி ‘சூப் கரே’ கடைக்குப் போயிருந்தால் முறை வேறு. அதில் குழம்பு தண்ணீராகக் கிண்ணத்திலும் சோறு தனித் தட்டிலும் வரும். ரசத்தைச் சோற்றில் ஊற்றுவது மாதிரி ஊற்றத் தோன்றும். அங்கே சோற்றை ஸ்பூனில் எடுத்துக் குழம்பில் முக்கிச் சாப்பிடுவார்கள்.

9. பகிர்ந்து சாப்பிடலாமா?

ஒரு தட்டு வாங்கி இருவர் சாப்பிடுவது கூடாது. ஆளுக்கு ஒரு தட்டு என்று பல கடைகள் எழுதியே போட்டிருக்கும். இருக்கைதான் அவர்களுடைய வருமானம், அதனால் இதில் பேரம் இல்லை.

இரண்டு ருசி பார்க்க வேண்டுமென்றால் ‘அய்ககே’ கேளுங்கள். ஒரே தட்டில் நடுவே சோறு, இரு பக்கமும் இரண்டு வகைக் கரே. நீங்கள் ஒரு ஜோடி, நண்பர் வேறு ஜோடி எடுத்தால் நான்கு ருசி.

ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் ஒரு வாய் எடுப்பதானால், இருவரும் சாப்பிடத் தொடங்கும் முன்னால் சுத்தமான ஸ்பூனால் எடுத்துவிடுங்கள். கவுண்ட்டரில் பக்கத்து ஆளின் முழங்கை நம் முழங்கையைத் தொடுகிற நெருக்கம்; நடுவில் தட்டுகளைத் தூக்கி மாற்றினால் குழம்பு அவர் மடியில் விழும். எச்சில் விஷயத்தில் கறாரான நண்பருக்கும் அதுதான் வசதி.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிடும்போது பேசவே கூடாது என்பதில்லை. ஆனால் கடையின் மொத்தச் சத்தத்தைக் கேட்டு, அதற்குக் கீழே உங்கள் குரல் இருக்கட்டும். தமிழில் நாம் சாதாரணமாகப் பேசுவதே அங்கே சண்டை மாதிரி கேட்கும். தொலைபேசி வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள். படம் எடுப்பதானால் தட்டு வந்ததும் ஒன்று, இரண்டு. பக்கத்தில் இருப்பவர் முகம் விழாமல்.

10. பணமும் எழுந்திருப்பதும்

தட்டு காலியானால் எழுந்திருக்க வேண்டும். வாசலில் வரிசை இருந்தால் ஒரு நிமிடம்கூடக் கூடாது. யாரும் வந்து பில்லை வைத்து விரட்ட மாட்டார்கள், நீங்களாக உணர்ந்து எழ வேண்டும். ஒருவர் முன்னதாக முடித்துவிட்டால் மற்றவரை வேடிக்கை பார்க்காமல் வெளியே போய்க் காத்திருக்கலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை.

எழும்போது தட்டையும் டம்ளரையும் கவுண்ட்டரின் உயரமான திட்டில் எடுத்து வைத்து, மேசையை ஒருமுறை துடைத்துவிடுங்கள். மற்றவர்கள் அப்படிச் செய்கிறார்களா என்று பார்த்துச் செய்தால் போதும்.

டோக்கன் கடையில் பணம் முன்பே முடிந்தது. ‘கோச்சிசோசமா தெஷ்தா’ என்று சொல்லிவிட்டு வெளியே வரலாம். சாப்பாட்டுக்கு நன்றி சொல்வது அது. மற்ற கடைகளில் மேசையில் ஒரு சீட்டு வைத்திருப்பார்கள், அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்துக் கல்லாவுக்குப் போக வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் அங்கிருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் கிடையாது, மீதியை விட்டுவிட்டுப் போனால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவருவார்கள்.

கல்லாவுக்கு முன்னால் ‘நான் கொடுக்கிறேன்’, ‘இல்லையில்லை, போன தடவையும் நீங்கள்தான்’ என்று கையைப் பிடித்துத் தள்ளும் நம் வழக்கத்தை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். அது நடக்கிற இடம் அரை மீட்டர் அகலம், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். தனித்தனியாகக் கொடுக்க ‘பெட்சுபெட்சு தே’ என்று சொல்லலாம், ஆனால் கூட்ட நேரத்தில் சில கடைகள் ஏற்காது. ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கணக்குப் பார்த்துக்கொள்வதுதான் சுலபம். ஜப்பானிய நண்பரோடு போனால் அவர் தன் பங்கைக் காசு வரை எண்ணித் தருவார். வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே அதுதான் சகஜம், கஞ்சத்தனம் இல்லை.

அப்புறம் பேச்சு. ஜிம்போச்சோவில் ‘கிஸ்ஸாதென்’ எனப்படும் பழைய பாணிக் காபிக் கடைகளும் நிறைய. நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிற சபோரு அவற்றில் பேர்பெற்றது. அங்கேயும் ஆளுக்கு ஒரு பானம் வாங்க வேண்டும், ஆனால் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். கரேயின் காரம் இன்னும் தொண்டையில் இருந்தால் காபியை விட்டுவிட்டு ஐஸ்கிரீம் மிதக்கும் கிரீம் சோடாவை எடுங்கள். பாதி உருகுவதற்குள் எரிச்சல் அடங்கிவிடும்.